மஞ்சள் பையில் இருந்தவை

தேனி மாவட்டம் கம்பத்தில் 27 ஆண்டுகள் உரமும் பூச்சிமருந்தும் விற்றவன் நான். பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊர் என் கடையை ‘மருந்துக்கடை’ என்றுதான் சொன்னது. எதிர்ச்சாரியில் மாத்திரை விற்ற கடைக்கும் அதே பெயர். ஏலத்தோட்டத்தில் அடிப்பதும் மருந்து, தலைவலிக்கு விழுங்குவதும் மருந்து, வைத்தியர் காகிதத்தில் மடித்துத் தரும் பொடியும் மருந்து. இந்த மூன்றுக்கும் சேர்த்து என் கல்லீரல் ஒரே கணக்குதான் வைத்திருந்தது. அது எனக்குத் தெரிந்தபோது வயது 54.

குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. 94 என்று வந்தது. சுமார் 40 வரைதான் இருக்க வேண்டும். வயிற்றில் வலி இல்லை, பசி குறையவில்லை, கண் மஞ்சளாகவில்லை. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. எடையைக் குறைத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நான் எடையைக் குறைக்கவில்லை. அதைவிட எளிதான வழி ஒன்று கிடைத்தது. கேரள எல்லையில் குமுளிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தருகிற பொடி கல்லீரலைக் கழுவி எடுத்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். காலையும் மாலையும் ஏழு வாரம் வெந்நீரில் கலக்கிக் குடித்தேன். எட்டாவது வாரம் சிறுநீர் பாலில்லாத கட்டன் சாயா நிறத்தில் போனது. மறுபடி பரிசோதித்தபோது 412.

தேனியில் நான் போய்ப் பார்த்த மருத்துவர் முதல் நாள் மருந்தே எழுதவில்லை. “சோறு, குழம்பு தவிர வாயில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். டப்பா, அட்டை, பொட்டலம், எதையும் விட வேண்டாம்” என்றார். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் போட்டுக்கொண்டு போனேன். மேசையில் கவிழ்த்தார். ரத்த அழுத்த மாத்திரை ஓர் அட்டை. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் இரண்டு அட்டை. சளி மாத்திரை ஓர் அட்டை. பெயரே இல்லாத மூட்டுவலி மாத்திரைகள், பழைய நாட்காட்டித் தாளில் மடித்தது. பெங்களூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய மஞ்சள்–மிளகு கேப்சூல். கொரோனா காலத்தில் வாங்கி மறந்துபோன சீந்தில் சாறு, பாதிப் புட்டி. பிறகு அந்தப் பொடி. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் என் பக்கம் தள்ளினார். மற்றவையெல்லாம் அவர் பக்கமே கிடந்தன.

அன்றைக்கு அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நானே கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. விஷத்தை அளந்து விற்றுப் பிழைத்தவன் என்ற தகுதி உண்டு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட வேண்டும்

வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் அழுக்கு தேங்குவது போலக் கல்லீரலிலும் நச்சு தேங்கிக் கிடக்கும், எப்போதாவது ஒரு முறை கழுவினால் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது வடிகட்டி அல்ல. குமுளிச் சோதனைச் சாவடி மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம். குடலில் உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதி ஒரு பெரிய ரத்தக்குழாய் வழியாக முதலில் அங்கேதான் போய் நிற்கிறது. வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் அந்த உறுப்பு ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, வேதியியல் முறையில் வேறு பொருளாக மாற்றி, பித்தநீர் வழியாகவோ சிறுநீர் வழியாகவோ வெளியே அனுப்புகிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ரத்தத்தில் கலப்பதும் சுற்றிச் சுழன்று அங்கேதான் வந்து சேரும்.

இந்த வேலையில் ஒரு வில்லங்கம் உண்டு. சில பொருள்கள் உள்ளே வந்தபோது இருந்ததைவிட, பிரிக்கும்போதுதான் பொல்லாததாக மாறுகின்றன. மூட்டையை அவிழ்க்கும்போது சாவடிக்காரர் கையிலேயே அமிலம் கொட்டுவது போல. கொட்டுவதைத் துடைக்க அதனிடம் குளுட்டாதயோன் என்ற சரக்கு ஓரளவு இருப்பு இருக்கிறது. அந்த இருப்பு தீர்ந்தால் கல்லீரல் செல்களே சாகத் தொடங்கும்.

ஆகவே கழுவுவதற்கு அங்கே ஒன்றும் தேங்கி இல்லை. பழச்சாறு விரதம், ‘டீடாக்ஸ்’ தேநீர், கல்லீரல் டானிக் என்று எதைச் சேர்த்தாலும் சாவடியில் இன்னொரு லாரி வந்து நிற்கிறது, அவ்வளவுதான். எதைச் சேர்க்கலாம் என்று கேட்காதீர்கள். எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள்.

பையில் இருந்தவற்றைப் பற்றி

பாராசிட்டமால் கெட்ட மாத்திரை அல்ல. அளவோடு போட்டால் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம், அதாவது 650 மாத்திரையில் ஆறு. தினமும் குடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கும் மருத்துவர்கள் 2 கிராமோடு நிறுத்துகிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது, உடம்பு வலி மாத்திரைக்குள்ளும் இருக்கிறது. மூன்று அட்டையிலிருந்தும் எடுத்துப் போட்டுவிட்டு, மூன்று வேறு மருந்து போட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். கண் தெரியவில்லை என்றால் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு அட்டையிலும் ஒரே பெயர் இருந்தால் ஒன்றை எடுத்து வையுங்கள். இரவு குடித்துவிட்டுக் காலையில் தலைவலிக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கம் நிறைய. மேலே சொன்ன குளுட்டாதயோன் இருப்பைத் துடைத்தெடுக்க அதைவிட எளிய வழி இல்லை. தவறி அதிகமாகப் போட்டுவிட்டால் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறி மருந்து இருக்கிறது. சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்கு முழுப்பலன்.

பெயர் எழுதாத மாத்திரையை வாங்காதீர்கள். இதை நான் சொல்ல வெட்கப்பட வேண்டும். பெயர் எழுதாத பூச்சிமருந்தை என் கடையில் ஒரு நாளும் வைத்ததில்லை. ஏலச்செடிக்கு நான் காட்டிய மரியாதையை என் முழங்காலுக்குக் காட்டவில்லை.

இனி பொடிக்கு வருகிறேன். இதை எழுதினால் என் மதினியே கோபித்துக்கொள்வார், அவருடைய மஞ்சள்காமாலை கீழாநெல்லியில்தான் குணமானது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் வழியாக வருகிற காமாலை, அதாவது ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். இறங்குகிற நேரத்தில் வாயில் எது இருந்ததோ அது புகழை வாங்கிக்கொள்கிறது. கீழாநெல்லியைச் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமிக்குக் கொடுத்துப் பார்த்து, நம்பிக்கையூட்டும் முடிவை 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. சீந்தில் கதை இன்னும் நேரடியானது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று வீடு வீடாகக் குடித்தோம். 2021 முதல் அதைக் குடித்தவர்களின் கல்லீரல் பாதிப்பைப் பற்றி இந்திய மருத்துவர்களே எழுதினார்கள். மஞ்சள் கேப்சூலும் அப்படித்தான். குழம்பில் போடும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் வேறு. அதன் சாரத்தை மட்டும் பிரித்தெடுத்து, உடம்பு அதிகம் உறிஞ்ச வேண்டும் என்று மிளகுச் சாரத்தையும் சேர்த்து அடைத்த கேப்சூல் வேறு. கிரீன் டீ சாரம் அடைத்த எடைகுறைப்புக் கேப்சூலும் இதே வரிசை.

சித்த, ஆயுர்வேத மருத்துவர்களிடம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவு பெற்றவரிடம் போங்கள். பொடியில் என்ன இருக்கிறது, உலோகம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பெயரை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். நான் குடித்த பொடிக்குப் பெயர் கிடையாது. “அந்தப் பொடி” என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாகக் காசநோய் மாத்திரை. அவற்றில் சில கல்லீரலைச் சுடும் என்பது உண்மை. அதற்காகத்தான் இடையில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வாந்தி, அடர்ந்த நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் அன்றே போய்ச் சொல்லுங்கள். மாற்றிக் கொடுக்க அவர்களிடம் வழி இருக்கிறது.

மருந்தடிக்கும் நாள்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குக் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப்புகள் நிரம்பும். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் வண்டன்மேடு, நெடுங்கண்டம், அணைக்கரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவார்கள். பெண்கள் காய் எடுக்க, ஆண்களில் பலர் மருந்தடிக்க. ஏலத்தில் இலைப்பேனும் தண்டுத்துளைப்பானும் ஓயாத தொல்லை. அதனால் மருந்தடிப்பும் ஓயாது. 200 லிட்டர் டிரம், மோட்டார், நீளக் குழாய். டிரம்மில் ஊற்றிக் கலக்குவதற்கு அங்கே கிடக்கும் குச்சி. குச்சி கிடைக்காத நாளில் கை. முழங்கை வரை விட்டுக் கலக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேர்மையாகச் சொன்னால், குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் முதலில் தாக்குவது நரம்பை. வியர்த்துக் கொட்டும், வாயில் நீர் ஊறும், கண்மணி சுருங்கும், மூச்சு இழுக்கும். அப்படி வந்தால் மோர் குடித்துப் படுக்கக் கூடாது. உடைகளைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நரம்பு தப்பித்தாலும், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதை உடைக்கிற கூலி வேலை கல்லீரலுக்குத்தான். மருந்தில் நஞ்சு மட்டும் இல்லை, அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான் எண்ணெய்களும் இருக்கின்றன. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை வெகுளி என்று திராட்சைக்காரர்கள் நினைக்கிறார்கள். போர்ச்சுகல் திராட்சைத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் அதை அடித்தவர்களுக்கு நுரையீரலிலும் கல்லீரலிலும் நோய் வந்ததை 1970-களுக்குள்ளேயே மருத்துவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள்.

டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பால் என்று நினைத்து வாங்கிப் போனவர்கள் என்னிடம் நிறைய. பச்சையும் நஞ்சுதான், வரிசையில் கடைசியாக நிற்கிறது.

அதிக ஆபத்து அடிக்கும்போது இல்லை, கலக்கும்போது. டிரம்மில் இருப்பது நீர்த்தது, டப்பாவில் இருப்பது நீர்க்காதது. மூடியைத் திறக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காவது கையுறை வேண்டும். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, நீளக் குச்சியால் கலக்குங்கள்.

கையுறை போடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 20 ஆண்டு கையுறை விற்றும் எனக்கு இது தெரியாது. சட்டைக் கையைக் கையுறைக்குள் செருகினால், குனிந்து தூருக்கு அடிக்கும்போது சட்டையில் வழிகிற மருந்து நேராகக் கையுறைக்குள் இறங்கி, உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். கையுறை போடாமல் இருப்பதைவிட அது மோசம். தாழ்வாக அடிக்கும்போது சட்டைக் கை வெளியே, கையுறை உள்ளே. தலைக்கு மேலே பந்தலுக்கு அடிக்கிற திராட்சைக்காரர்களுக்கு இது அப்படியே தலைகீழ்: கையுறை சட்டைக்கு மேலே ஏற வேண்டும். காலில் முழுக்காலணி போட்டால் கால்சட்டை அதற்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகக் கூடாது. மழை வீட்டுக் கூரையில் எப்படி வடிகிறதோ அதை மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது. ஓடு ஓட்டின் மேல் ஏறி நிற்கும் ஒழுங்கு.

நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார்கள். செய்யாதீர்கள். பழைய பல்துலக்கி ஒன்றை டிரம்மில் கட்டித் தொங்கவிடுங்கள். இடையில் பீடி, வெற்றிலை, தேநீர் எதுவானாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு. கையுறையைக் கழற்றுவதற்கு முன்னால் கையுறையோடு கழுவுங்கள்.

வீட்டுக்குப் போனதும் பிள்ளையைத் தூக்காதீர்கள். முதலில் குளியல். நகக்கண்ணிலும் காதுமடலின் பின்னாலும் சோப்பு போக வேண்டும். அந்தத் துணியைத் தனி வாளியில் இரண்டு முறை சோப்புப் போட்டு அலசுங்கள். வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைத்தால், தோட்டத்துக்கே போகாத மனைவிக்கும் பங்கு போகும். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரையும் டிரம்மில் ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாத டப்பா ஒரு நாள் அடுப்படியில் எண்ணெய் டப்பாவாக வந்து உட்காரும். என் சொந்தத்திலேயே ஒரு வீட்டில் பார்த்தேன்.

மருந்தடித்த இரவு குடித்தால் விஷம் முறியும் என்ற நம்பிக்கை ஜீப்பில் நெடுங்காலமாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறது. முறியாது. ஒரே சாவடியில் இரண்டு வரிசை நிற்கும்.

எலிக்கு வைக்கும் பசை பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசை கல்லீரலை நேரடியாக அழிப்பது. அதற்கு நச்சுமுறி மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அதை விற்கத் தடை இருக்கிறது. பழைய குழல் எதுவும் வீட்டில் கிடந்தால் வெளியேற்றுங்கள். தோசையில் தடவி மூலையில் வைத்ததைத் தவழும் குழந்தை எடுத்துவிடும். எலிக்குப் பொறி போதும்.

அடுக்களையில்

நிலக்கடலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதை யாரும் நச்சு என்று நினைப்பதில்லை. ஈரத்தில் கிடந்த கடலையில் ஒரு பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்துத்தான் உலகம் இதைக் கண்டுபிடித்தது. நம் நாட்டில் 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைத் தின்ற ஊர்களில் காமாலை வந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்கும் இது காரணம். ஹெபடைடிஸ் பி கிருமியும் உடம்பில் இருந்தால் ஆபத்து பல மடங்கு பெருகும்.

இதில் நம் வழக்கமான அறிவு கைகொடுக்காது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. எனவே வாங்கும்போதே பார்க்க வேண்டும். என் மனைவி முறத்தில் கொட்டி, சுருங்கியது, கறுத்தது, தோல் மங்கியது, முளைப்பக்கம் பச்சைத்தூள் படிந்தது என்று பொறுக்கி எறிவார். நான் செய்வதெல்லாம், வாயில் கசந்தால் விழுங்காமல் துப்புவது. கொப்பரைக்கும் வற்றல் மிளகாய்க்கும் இதே கண்தான். தென்மேற்குப் பருவமழைச் சாரல் எங்கள் பள்ளத்தாக்குக்குள் வரும் மாதங்களில் கடலையைக் கிலோக் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்ததைப் பசுவுக்கும் போடாதீர்கள், அது பாலில் திரும்பி வரும்.

செக்கு எண்ணெய் பிரியர்களுக்கு ஒன்று. சுத்திகரிப்பில் இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் நீங்காது. செக்கெண்ணெய்தான் வேண்டும் என்றால் கடலையை நீங்களே பொறுக்கிக் கொண்டுபோய் ஆட்டுங்கள். கடையில் “சுத்தமான செக்கு” என்று எழுதியிருப்பது எண்ணெயைப் பற்றியது. எந்தக் கடலையை ஆட்டினார்கள் என்று அதில் எழுதியிருக்காது.

காய்கறி விஷயத்தில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்களில் மருந்து மிச்சம் இருக்கிறது என்று கேரளத்தில் பெரிய சர்ச்சை எழுந்தது. எல்லையில் சோதனை என்றார்கள், வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகத்தின் முடிவுகள் செய்தித்தாள்களில் வந்தன. இங்கே எல்லோரும் பொய் என்று கொதித்தோம். நான் கொதித்தது கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமை மருந்து வாங்கிப் போனவர் ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை பறிப்பது எனக்குத் தெரியும்.

கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சைமிளகாய் நான்கிலும் கவனம் வையுங்கள். இவற்றைத் தோல் சீவ முடியாது. எங்கள் வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் புளி கரைத்து, வடிகட்டி, அதில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துப் பிறகு ஓடும் தண்ணீரில் இரண்டு முறை அலசுகிறோம். புளி இல்லாத நாளில் கல்லுப்பு. இது மேலே ஒட்டியதைத்தான் எடுக்கும். செடி உறிஞ்சி உள்ளே கொண்டுபோனதை எந்தத் தண்ணீரும் எடுக்காது. அதற்கு ஒரே வழி, ஒரே காயைத் தினமும் தின்னாமல் மாற்றி மாற்றிச் சமைப்பதும், கறிவேப்பிலைக்கு வாசலில் ஒரு செடி வைத்துக்கொள்வதும்தான்.

பன்னீர் திராட்சையின் மேல் சீராகப் படிந்திருக்கும் வெண்மை பழத்தின் சொந்த மெழுகு, அதற்குப் பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டாக, கொத்தின் அடியில் நீலம் கலந்து காய்ந்திருந்தால் அது மருந்துக் கறை. கொத்தாகக் கழுவாமல் பழத்தை உதிர்த்துக் கழுவுங்கள். ஏலக்காயில் மருந்து படுவது தோலில். தேநீரில் தோலோடு தட்டிப் போடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம், விதையை மட்டும் பொடிக்கிறோம். ஈரக்கையில் உருட்டும்போது பச்சை ஒட்டினால் அது சாயம். அந்தக் காயைப் பாயசத்துக்கும் போடாதீர்கள்.

குடிநீரைக் கொதிக்கவிட்டு ஆற்றிக் குடியுங்கள். காமாலைக் கிருமி அதில் சாகும். பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் வெந்நீரில் கலந்து வெதுவெதுப்பாகத் தருகிற கடைப் பழக்கம் கொதிக்கவைத்ததாகாது. கர்ப்பிணிகள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் வழியாகவே வருகிற ஹெபடைடிஸ் ஈ அவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

கொசுவர்த்திப் புகை, பெயின்ட் தின்னர் நெடி ஆகியவற்றுக்குச் சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. புகை கல்லீரலைவிட நுரையீரலுக்குத்தான் முதல் எதிரி என்பதால் இங்கே அதை நீட்டவில்லை.

நாமே ஊற்றுவதும் தின்பதும்

மதுவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த அளவு, அந்த அளவு என்று பேரம் பேசாதீர்கள். கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு படிந்தவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

எனக்குக் கொழுப்பு படிந்தது மதுவால் அல்ல. கடையில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு ஏழு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, மாலையில் பரோட்டா. பொடியை நிறுத்திய ஆறாவது வாரம் எண் 71-க்கு இறங்கியது. பொடி ஏற்றியது இறங்கிவிட்டது, பரோட்டா ஏற்றியது அப்படியே நின்றது. எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைந்தால் கல்லீரல் கொழுப்பும் நன்றாகக் குறையும் என்றார் மருத்துவர். 81 கிலோவிலிருந்து 75-க்கு வர ஏழு மாதம் ஆனது. விடியலில் லோயர் கேம்ப் சாலையில் நடை, தேநீரில் சர்க்கரை இல்லை, இரவில் பரோட்டா இல்லை. இதைவிடச் சுவையில்லாத மருத்துவம் வேறு இருக்க முடியாது. எண் 38 ஆனது.

ஒரே ஆறுதல், காப்பி. தினமும் இரண்டு மூன்று குவளை குடிப்பவர்களுக்குக் கல்லீரல் சுருக்க நோய் குறைவாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை இல்லாத கடுங்காப்பியைத்தான் சொல்கிறேன். இதைச் சாக்காக வைத்து டிகிரி காப்பிக்குத் தாவ வேண்டாம்.

எப்போது, எதைப் பரிசோதிப்பது

40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், தொப்பை உள்ளவர்கள், மருந்தடிப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். மருந்தடிப்பவர்கள் அதோடு கோலினெஸ்டரேஸ் அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; பாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் ஏறினால் ரத்தத்தில் இறங்குகிற நொதி அது. அடிக்கும் பருவம் தொடங்கும் முன் ஒன்று, நடுவில் ஒன்று எடுத்தால் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட முடியும்.

வாழ்நாளில் ஒரு முறையாவது ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் சோதித்துப் பாருங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். பி இல்லை என்று வந்தால் தடுப்பூசி போடுங்கள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. பிள்ளைகளுக்கு இப்போது பிறந்த உடனேயே போடுகிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு யாரும் போட்டதில்லை. நான் 55-இல் போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட செவிலியர் “பேரனுக்கா?” என்று கேட்டார்.

சிறுநீர் கறுத்தல், கண் வெள்ளையில் மஞ்சள், காரணமில்லாத அரிப்பு, காலிலோ வயிற்றிலோ வீக்கம் என்றால் அந்த வாரமே போங்கள். ரத்த வாந்தி, தார் போல மலம், காமாலையோடு பேச்சு குழறுவது, பகலில் தூங்கி வழிவது என்றால் அந்த மணியே. போகும்போது பையை மறக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மஞ்சள் பை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. புதிதாக எந்த மாத்திரை, எந்தப் புட்டி வீட்டுக்குள் வந்தாலும் அதற்குள்தான் போக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு கவிழ்த்துப் பார்ப்பேன். வண்டன்மேட்டில் இருக்கும் சம்பந்திக்கும் ஒரு பை கொடுத்திருக்கிறேன். நான் குடித்த அதே பொடியை அவர் இரண்டு ஆண்டாகக் குடிக்கிறார். காய் எடுப்பு முடியட்டும், ரத்தம் கொடுக்கிறேன் என்றார். போன காய் எடுப்பும் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஜீப் ஏறி நானே போய் அழைத்து வரலாம் என்று இருக்கிறேன்.